தோள் வலியா, ஃப்ரோசன் ஷோல்டரா? புதிதாக மெடிக்கல் கோடிங் பழகுகிறவர்களுக்கு

54 வயதுப் பெண்மணி. வலது தோளில் மூன்று மாதமாக வலி. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, முதுகுப் பக்கம் கொண்டுபோகவும் முடியவில்லை. டைப் 2 சர்க்கரை நோய் உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்.

இப்படி ஒரு சார்ட் (நோயாளியின் மருத்துவக் குறிப்பு) வந்ததும், பிசியோதெரபி படித்துவிட்டு, டாக்டரின் குறிப்பைக் கோடுகளாக மாற்றும் இந்த வேலைக்கு வந்த பிள்ளைகள் பலர் உடனே ஃப்ரோசன் ஷோல்டர் (தோள் மூட்டு வலியோடு இறுகிப்போகும் நோய்) கோடைப் போட்டுவிடுகிறார்கள். மருத்துவப்படி அவர்கள் கணிப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் நோயைக் கணிப்பது கோடரின் வேலை இல்லை. டாக்டர் அந்தப் பெயரை எழுதியிருக்கிறாரா என்பதை மட்டும்தான் நாம் பார்க்க வேண்டும்.

இங்கே நான் சொல்வதெல்லாம் அமெரிக்க வெளிநோயாளி சார்ட்டுகளுக்கானது. அங்கே 2015 அக்டோபர் 1 முதல் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் கோடுப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று புதிய பதிப்பு வரும், அதனால் எந்தக் கோடையும் அந்தந்த ஆண்டின் புத்தகத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

படி 1: அசெஸ்மென்ட் பகுதிக்குப் போங்கள்

சார்ட் முழுவதையும் படியுங்கள். ஆனால் டாக்டர் கடைசியாக என்ன முடிவுக்கு வந்தார் என்பது அசெஸ்மென்ட் பகுதியில்தான் இருக்கும். ஃப்ரோசன் ஷோல்டர், அட்ஹீசிவ் கேப்சுலைட்டிஸ், தோள்பட்டை பெரிஆர்த்ரைட்டிஸ் ஆகிய மூன்று பெயரும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகும்: எம்75.0. நம் ஊர் டாக்டர்கள் வாயில் பெரிஆர்த்ரைட்டிஸ் என்ற பெயர்தான் அதிகம் வரும் என்பதால் அதை ஞாபகம் வைப்பது நமக்குச் சுலபம்.

'ஸ்டிஃப் ஷோல்டர்' என்று மட்டும் இருந்தால் அது ஃப்ரோசன் ஷோல்டர் ஆகாது. தோள் இறுக்கத்துக்குத் தனிக் கோடு உண்டு. வலது எம்25.611, இடது எம்25.612.

படி 2: 'இருக்கலாம்' என்ற சொல்லைத் தேடுங்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தடுக்கி விழுந்த இடம் இதுதான். டாக்டர் 'ரூல் அவுட் ஃப்ரோசன் ஷோல்டர், இடது' என்று எழுதியிருந்தார். அதாவது, அந்த நோய் இல்லையா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். நான் எம்75.02 போட்டுவிட்டேன். ஆடிட்டில் பிடித்தார்கள், மதிப்பெண் குறைந்தது. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. உறுதியாகாத ஒரு நோய், என் கையால், முகம் தெரியாத ஒருவரின் மருத்துவப் பதிவில் ஏறிவிட்டது. நாளை இன்னொரு டாக்டர் அதை உண்மை என்று நம்பித்தான் படிப்பார்.

வெளிநோயாளி சார்ட்டில் ப்ராபபிள், சஸ்பெக்டட், ரூல் அவுட் போன்ற சொற்களோடு வரும் நோயைக் கோடு செய்யக் கூடாது. அதிகாரபூர்வ வழிகாட்டு நெறிகளின் நான்காம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அப்போது உறுதியாகத் தெரிந்த அறிகுறியைத்தான் போட வேண்டும். தோள் வலிக்கு வலது எம்25.511, இடது எம்25.512. (மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு விதி வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

படி 3: எந்தப் பக்கம்?

வலது எம்75.01, இடது எம்75.02. இரண்டு தோளிலும் இருந்தால் அதற்கென்று ஒரே கோடு கிடையாது, இரண்டையும் போட வேண்டும். பக்கம் குறிப்பிடாதது எம்75.00. இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் டினையலுக்கு (பணம் தர மறுப்பதற்கு) இது ஒரு வழக்கமான காரணம். டாக்டர் பக்கத்தை எழுத மறந்திருந்தால் நர்ஸ் அல்லது பிசியோதெரபிஸ்ட் குறிப்பில் தேடலாம், பக்கத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் டாக்டரிடம் விளக்கம் கேட்டுக் கொயரி அனுப்புங்கள்.

படி 4: வலியை மறுபடி சேர்க்காதீர்கள்

எம்75.01 போட்ட பிறகு எம்25.511 வேண்டாம். அந்த நோய் என்றாலே வலியும் இறுக்கமும்தானே. நோயோடு ஒட்டிய அறிகுறியைத் தனியாகக் கோடு செய்வதில்லை.

படி 5: சர்க்கரையோடு முடிச்சுப் போடும் முன்

சர்க்கரை நோயாளிகளுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் அதிகம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐசிடி புத்தகத்தில் 'வித்' என்ற சொல்லின் கீழ் டயபெட்டிஸோடு வரிசையாகச் சில நோய்கள் இருக்கும். டாக்டர் தனியாகச் சொல்லாவிட்டாலும் அவற்றைச் சர்க்கரையோடு இணைக்கலாம். அந்த வரிசையில் அட்ஹீசிவ் கேப்சுலைட்டிஸ் என்ற பெயர் கிடையாது. அதனால் 'சர்க்கரையால் வந்தது' என்று டாக்டர் எழுதினால் மட்டும் தொடர்பு காட்டுங்கள். எழுதவில்லை, வேறு சிக்கலும் இல்லை என்றால், சிக்கல் இல்லாத டைப் 2 சர்க்கரைக்கான இ11.9 தனியாக நிற்கும். சர்க்கரைக்கான வாய்வழி மாத்திரைக்கு இசட்79.84 சேரும்.

அப்புறம், பக்கத்து வீட்டுக் கோடுகள் சில. ரொட்டேட்டர் கஃப் (தோளைச் சுற்றியுள்ள தசைநாண்கள்) கிழிசல் எம்75.1, இம்பிஞ்ச்மென்ட் (தசைநாண் எலும்பில் உரசுவது) எம்75.4, பர்சைட்டிஸ் (மூட்டருகே உள்ள திரவப் பையின் வீக்கம்) எம்75.5. இதில் கிழிசல்தான் ஆளை ஏமாற்றும். கீழே விழுந்து, அடிபட்டு வந்த கிழிசல் என்று டாக்டர் சொன்னால் அது எம் அத்தியாயத்திலேயே வராது. எஸ்46.01 பக்கம் போக வேண்டும், ஏழாவது இடத்தில் ஏ (சிகிச்சை நடக்கும் கட்டம்), டி (தொடர் கவனிப்பு), எஸ் (பின்விளைவு) என்ற எழுத்துகளில் ஒன்றும் வேண்டும். எம்75 கோடுகளுக்கு அந்த ஏழாவது எழுத்து இல்லை.

இப்போது அந்தப் பெண்மணியின் சார்ட்

முதல் நாள் அசெஸ்மென்ட்: 'வலது தோள் வலி, ஃப்ரோசன் ஷோல்டராக இருக்கலாம். டைப் 2 சர்க்கரை.' கோடுகள்: எம்25.511, இ11.9, இசட்79.84.

நான்கு வாரம் கழித்து வருகிறார். அசெஸ்மென்ட்: 'அட்ஹீசிவ் கேப்சுலைட்டிஸ், வலது தோள்.' அல்ட்ராசவுண்ட் இல்லாமல் மூட்டுக்குள் ஊசி போடுகிறார்கள். இப்போது எம்25.511 போய்விடும், அந்த இடத்துக்கு எம்75.01 வரும். இ11.9, இசட்79.84 இரண்டும் அப்படியே. ஊசிக்கு சிபிடி (சிகிச்சைகளுக்கான கோடுப் பட்டியல்) 20610, வலது பக்கத்தைக் காட்டும் ஆர்டி மாடிஃபையர் என்ற துணைக் குறியோடு. அந்த ஊசியை எம்75.01-உடன் இணைத்துவிட்டு சார்ட்டை மூடலாம்.