டேப்லெட்டில் நான் அழிக்காமல் வைத்திருக்கும் ஆப்கள்

பயணத்துக்கு முதலில் கூகுள் மேப்ஸ். கிளம்புவதற்கு முந்தைய இரவே, மேலே இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் வரைபடங்கள் என்ற இடத்தில் போகும் ஊரை இறக்கிவிடுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இணையம் இல்லாதபோது அது காரில் போகும் வழியை மட்டும்தான் சொல்லும். பேருந்து, நடைவழி எதுவும் வராது. நடந்து சுற்றுகிறவர்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ் நல்லது. நடைவழியை இணையம் இல்லாமலே காட்டும், விளம்பரமும் கிடையாது.

ஆனால் வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. வரைபடம் திறக்கும், நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி மட்டும் சரியாக வராது. இது தெரியாமல் ஒரு நாற்சந்தியில் நின்று டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. இப்போதெல்லாம் வழி பார்க்க போன், படம் பார்க்க டேப்லெட்.

படம் என்றால் விஎல்சி. இலவசம், அநேகமாக எந்த வகை வீடியோ கோப்பையும் மறுக்காமல் ஓட்டும். கூகுள் டிரான்ஸ்லேட்டிலும் தேவையான மொழிகளை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளலாம், தமிழும் உண்டு.

வீட்டில் இருக்கும்போது எனக்கு மின்னூல் படிக்கும் கிண்டில் ஆப் போதும். அப்புறம், புறப்படும் முன் ஏர்பிளேன் மோடைப் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு ஆப்பையும் திறந்து பாருங்கள். எது திறக்கவில்லையோ அதற்கு வேண்டியதை அப்போதே இறக்கிவிடலாம்.