மிருதங்கப் பயிற்சியில் சலிப்பு போன விதம்

கும்பகோணத்தில் மாலை வேளைகளில் மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். முதல் பாடமான 'தத் தீ தொம் நம்' என்ற நான்கு சொற்கள் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே சலிப்பு தட்டிவிட்டது. வாத்தியார் அடுத்த பாடத்துக்கு நகரவே மாட்டேன் என்கிறார். தினமும் அதே நான்கு சொல். உறை போட்டுப் பரணில் ஏற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்குப் போனபோதுதான் வழி பிறந்தது. அவருடைய பஞ்சரத்ன கிருதிகள் என்ற ஐந்து பாடல்களில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகம் மாறினாலும் ஐந்தும் ஆதி தாளம். கூட்டத்தோடு நானும் தொடையில் தாளம் போட்டேன். ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் இரண்டு முறை தட்டும் வீச்சும். எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, அவ்வளவுதான்!

வீட்டிலும் அதையே பிடித்துக்கொண்டேன். போனில் கிருதியை ஓடவிட்டு முதலில் தாளம் மட்டும். அடுத்து, தாளத்தின் மேல் சொற்களை வாயால் சொல்வது. வாய்க்கு வந்த பிறகே கை. அட்சரத்துக்கு ஒரு சொல் வைத்தால் ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றில், பாடம் இரண்டு முறை வரும். இரட்டை வேகமான இரண்டாம் காலத்தில் நான்கு, அதற்கும் இரட்டையான மூன்றாம் காலத்தில் எட்டு. மூன்றாம் காலத்தில் 'தீ' சறுக்கும். சறுக்கினால் ஒரு காலம் கீழே இறங்குவேன், பாட்டை நிறுத்த மாட்டேன்.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவை அப்புவதிலும் சோம்பல் கூடாது. ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் ஒட்டினால்தான் 'தொம்' கும்மென்று கேட்கும். அந்த நாதமே இன்னும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லும். "உப்புமாவுக்கு மிச்சம் வையுங்க" என்கிறாள் மனைவி.