சுகர் டெஸ்ட் மேசையை முதலில் தூக்குங்கள்: மருத்துவ வரலாற்று நிகழ்ச்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் ஒரு சிறிய மருத்துவ வரலாற்றுக் காட்சிக்கூடத்தில், மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழில் சுற்றிக்காட்டுவது என் வேலை. சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. சில ஆண்டுகளாக அங்கே பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகளையும் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிறோம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கோயில் இளைஞர் பிரிவினர், குடியிருப்போர் சங்கத்தார் என்று பலரும் இப்போது இதுபோல ஒன்றை நடத்த வழி கேட்கிறார்கள். எப்படி நடத்துவது என்பதைவிட எப்படி நடத்தக்கூடாது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் முதல் நிகழ்ச்சியில், கூட்டம் வரவேண்டுமே என்று வாசலில் இலவச ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை மேசை போட்டோம். கூட்டம் வந்தது. வரிசை வாசலைத் தாண்டிக் கார் நிறுத்தும் இடம்வரை போனது. ஊசி குத்தியதும் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு, "ஏழு புள்ளி ரெண்டு காட்டுது, நல்லதா கெட்டதா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டபடியே எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உள்ளே வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கழிவறையைத் தேடி வந்தவர். பரிசோதனை முகாம் நல்ல காரியம்தான், ஆனால் அதற்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் சுற்றுலா முடிகிற இடத்தில் போடுங்கள்.

அடுத்தது வி.ஐ.பி. பேச்சு. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, நன்றியுரை எல்லாம் முடியும்போது பிள்ளைகளுக்குப் பசி வந்திருக்கும். பத்து நிமிடத்துக்குமேல் இது வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நிகழ்ச்சியைக் காலையிலேயே வையுங்கள், மாலை நான்கு மணிக்குமேல் கோலாலம்பூர் மழையை நம்ப முடியாது.

சரி, உள்ளடக்கத்துக்கு வருவோம். பெரிய தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

மருத்துவ வரலாறு என்றதும் மேதைகளின் படத்தை வரிசையாக மாட்டுவது எல்லாருக்கும் வரும் முதல் யோசனை. பினாங்கில் 1879இல் பிறந்த டாக்டர் வூ லியென் தே படம் கட்டாயம் இருக்கும், இருக்கவேண்டியதுதான். ஆனால் "முகக்கவசத்தைக் கண்டுபிடித்தவர்" என்று கீழே எழுதாதீர்கள். அறுவைச் சிகிச்சையில் துணிக் கவசம் அதற்கு முன்பே இருந்தது. 1910–11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, வலைத்துணிக்கு நடுவே பஞ்சை வைத்து, யாரும் மலிவாகத் தைத்துக் கட்டிக்கொள்ளக்கூடிய கவசத்தை அவர் பரவலாகப் பயன்படுத்த வைத்தார். நோய் மூச்சுவழி பரவுகிறது என்று அவர் சொன்னதை ஏற்காத மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளிலேயே பிளேக்கில் இறந்தார். "கண்டுபிடித்தவர்" என்ற ஒற்றைச் சொல்லைவிட இந்தக் கதை எவ்வளவோ மேல்.

மேதை வரிசையில் இன்னொரு சிக்கல், மேதைகள் தப்பும் செய்வார்கள் என்பதை அது மறைத்துவிடும். 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட். அன்று மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்த பெரிபெரி ஒரு தொற்றுநோய் என்பது அவர் முடிவு. அது தவறு. அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

பெரிபெரி கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். நம்மவர்கள் நிகழ்ச்சியில் இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது, இதைவிட அதிகமாகக் கெடுக்கப்படும் கதையும் கிடையாது.

கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலைசெய்த சீனத் தொழிலாளர்களை இந்த நோய் கொத்துக்கொத்தாகத் தாக்கியது. அதே ஊரில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைச் சயாம் பச்சரிசி, தமிழர் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1905ஆம் ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குக் கட்டடத்துக்குப் போனார்கள், அவர்களுக்கு வழக்கமான சயாம் அரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் மேற்குக் கட்டடத்துக்குப் போனார்கள், அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றே. கட்டடத்தில்தான் ஏதோ கோளாறு என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று நடுவில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார். ஓராண்டில் பச்சரிசிக் கூட்டத்தில் பலருக்கு நோய் வந்தது, சிலர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிக் கூட்டம் அநேகமாகத் தப்பித்தது.

இதைச் சொல்லும்போது முதல் தவறு, முதல் வரியிலேயே "வைட்டமின் பி1 குறைபாடு" என்று விடையைப் போட்டு உடைப்பது. அப்போது வைட்டமின் என்ற சொல்லே கிடையாது, அது 1912இல்தான் வந்தது. அரிசியைச் சரியாகப் பிடித்த பிராடன்கூட, கெட்டுப்போன பச்சரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்றுதான் நினைத்தார். விஷம் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று அடுத்த சில ஆண்டுகளில் காட்டியவர்கள் அதே ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும். அந்தக் குழப்பத்துக்குள் கூட்டத்தையும் கொஞ்ச நேரம் நிற்கவிடுங்கள்.

இரண்டாவது தவறு நம் வாட்ஸ்அப் பெருமை. "நோய் வராது என்று தெரிந்தே நம் முன்னோர் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள்" என்று ஒருவர் கட்டாயம் எழுந்து சொல்வார். தெரிந்து சாப்பிடவில்லை ஐயா. ஊரில் சாப்பிட்டது, கப்பலில் வந்தது, தோட்டத்தில் கொடுத்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. பெருமைப்பட இந்த உண்மையே போதும்.

நாங்கள் பிள்ளைகளை வைத்து இதை நடித்துக்காட்டுகிறோம். வரிசையாக நின்று ஒன்று, இரண்டு எண்ணி, ஒற்றை ஒரு பக்கம், இரட்டை மறுபக்கம். கையில் இரண்டு கிண்ணம் அரிசி, ஒன்று பளிச்சென்று வெள்ளை, மற்றது பழுப்பேறிக் கொஞ்சம் கண்ணாடி மாதிரி. தொட்டுப் பார், மோந்து பார், கடித்துப் பார். ஒரு தடவை, ஒற்றைப்படைப் பக்கம் நின்ற நான்காம் வகுப்புப் பையன் கையைத் தூக்கினான். "டீச்சர், எந்தச் சோறு வேணும்னு அவங்களக் கேட்டாங்களா?" கேட்கவில்லை. மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தவர்களை அன்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் தயாரித்த சுவரொட்டியிலும் அது பற்றி ஒரு வரி இல்லை. மறுவாரம் சேர்த்தோம்.

இதே மாதிரி குழம்பிப்போகும் இன்னொரு பகுதி கொசு. டிங்கி விழிப்புணர்வையும் மலேரியா வரலாற்றையும் ஒரே மேசையில் வைத்து, "பூந்தொட்டியில் தண்ணீர் தேங்கினால் மலேரியா வரும்" என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். டிங்கியைப் பரப்புவது ஏடிஸ், மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ். இரண்டும் ஒரே இடத்தில் முட்டை போடுவதில்லை. 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடித்துக் காட்டை வெட்டியதும் மலேரியா குறைந்தது. அதையே மலைப்பக்கத் தோட்டங்களில் செய்தபோது கூடியது. அங்கிருந்த அனோபிலிஸ் வகைக்கு வெயில்படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும், காட்டை வெட்டியதில் ஓடைகளுக்கு வெயில் வந்துவிட்டது. அந்தச் செலவை உயிராகக் கட்டியவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கப்பலேறி வந்த தமிழர்கள். இந்த மேசையில் கொசுப்படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயத்து வீட்டுப் படத்தையும் வையுங்கள்.

பேய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆஸ்பத்திரி என்றாலே ராத்திரிச் சுற்றுலா, டார்ச் லைட், "வெள்ளைச் சேலை அம்மா" என்று டிக்கெட் போடுகிறார்கள். பணம் வரும், மறுக்கவில்லை. ஆனால் பினாங்கின் ஜெரஜாக் தீவிலும் கோலாலம்பூருக்கு அருகே சுங்கை பூலோவிலும் தொழுநோய்க்காக அடைத்து வைக்கப்பட்டவர்கள் நிஜ மனிதர்கள். 1930இல் திறந்த சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கிருக்கும் நர்சரிகளில் பூச்செடி வாங்கப் போகும் பலருக்கு அது என்ன இடம் என்றே தெரியாது. அங்கே கூட்டிக்கொண்டு போகிறவர்கள் "குஷ்டரோகி" என்ற சொல்லை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். தொழுநோய் என்றே சொல்லுங்கள், மருந்தால் முழுமையாகக் குணமாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1981 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்து சிகிச்சை இருக்கிறது. வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். உங்கள் பஸ்ஸில் வந்திருக்கும் யாராவது அப்படிப் பிரிந்த குழந்தையின் மகளாக இருக்கலாம். எங்கள் பஸ்ஸில் ஒரு தடவை இருந்தார். திரும்பி வரும்போதுதான் சொன்னார்.

தமிழ் விளக்க அட்டைகள் பெரிய கூத்து. மலாய், ஆங்கில அட்டையைக் கணினியில் போட்டு மொழிபெயர்த்து ஒட்டிவிடுகிறார்கள். ஒரு இடத்தில் தோட்டத்து டிரெஸ்ஸரின் படத்துக்குக் கீழே "ஆடை அலமாரி" என்று இருந்தது. ஆப்பரேஷன் தியேட்டர் "நாடக அரங்கு" ஆகியிருந்தது. டிரெஸ்ஸர் என்றால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். காயத்துக்குக் கட்டுப்போட்டு, மலேரியாவுக்குக் கொயினா மருந்து கொடுத்து, பிரசவம் பார்த்து, இறப்பையும் எழுதிவைத்தவர். பலருக்கு அவர்தான் டாக்டர். அட்டை எழுதி முடித்ததும் வயதான ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் அட்டையைத் திருத்துங்கள்.

நாட்டு மருத்துவப் பகுதி வைத்தால் தைலம் விற்க ஆள் வந்துவிடும். அம்மிக்குழவியும் மருந்துப்பெட்டியும் காட்சிக்கு, விற்பனை வெளியே. புற்றுநோய் தீரும், சர்க்கரை தீரும் என்ற விளம்பரத்துக்கு 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி நடவடிக்கை வரும், உங்கள் பேனருக்குக் கீழே நின்றுகொண்டு அவர் சொன்னால் உங்களுக்கும் தலைவலிதான்.

"வீட்டில் இருக்கும் பழைய மருத்துவப் பொருள்களைக் கொண்டுவாருங்கள்" என்று அறிவிப்பது நல்ல யோசனை. ஆனால் ஆயத்தம் இல்லாமல் அறிவிக்காதீர்கள். மூடிய சீசாவைத் திறக்காதீர்கள், லேபிளைத் துடைக்காதீர்கள், கண்ணாடி சிரிஞ்சைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பாதரச தெர்மாமீட்டர் விழுந்து உடைந்தால் துடைப்பமும் வேண்டாம், வாக்குவமும் வேண்டாம். ஆட்களை வெளியேற்றி, சன்னலைத் திறந்து, கையுறை போட்டு, தடித்த அட்டையால் உருண்டைகளைக் கூட்டி மூடியுள்ள டப்பாவில் போடவேண்டும். எங்கள் நிகழ்ச்சியில் ஒரு மாமா அதைக் கையால் உருட்டி விளையாடிக் காட்டினார். சுற்றிலும் பத்துப் பிள்ளைகள்.

கடைசியாக, பெரியவர்களிடம் கதை கேட்கும் அங்கம். மேடையில் உட்காரவைத்து, மைக்கை வாய்க்குள் திணிக்காத குறையாக நீட்டி, "பாட்டி, அந்தக் காலத்துல உங்க வீட்ல யாருக்கு காசநோய் இருந்துச்சு?" என்று நூறு பேர் முன்னால் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். பாட்டி "யாருக்கும் இல்லப்பா" என்றார். வேறென்ன சொல்வார்? கேள்வியை முன்கூட்டியே காட்டுங்கள். பதிவு செய்யலாமா, பெயர் போடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மேடை வேண்டாம். மூலையில் இரண்டு நாற்காலியும் ஒரு கப் மைலோவும் போதும்.

அப்படியும் நாங்கள் சொதப்பினோம். ஓய்வுபெற்ற டிரெஸ்ஸர் ஒருவரை அழைத்திருந்தோம். வயது எண்பதுக்குமேல், அவர் அப்பாவும் டிரெஸ்ஸர். ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டதற்கு "ஆமா", "இல்ல", "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்பதற்குமேல் வரவில்லை. சரி என்று ரெக்கார்டரை நிறுத்தி, வயரைச் சுருட்டினோம். அப்புறம் சாப்பாட்டு மேசையில், தட்டில் மீகூன் போட்டுக்கொண்டே தானாகச் சொல்ல ஆரம்பித்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்களாம், அவர் அப்பா ஒவ்வொருவர் வாயிலும் கொயினாவை ஊற்றுவாராம். கசப்பு தாங்காமல் சிலர் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு போய் லயத்துக்குப் பின்னால் துப்பிவிடுவார்களாம். அதனால் ஊற்றியதும் ஒவ்வொருவரையும் அவரவர் பெயரைச் சத்தமாகச் சொல்லச் சொல்வாராம். வாயில் மருந்தை வைத்துக்கொண்டு பெயர் சொல்ல முடியாதல்லவா.

நான்கு பேர் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தோம். ரெக்கார்டர் அதற்குள் காருக்குப் போயிருந்தது.