கொரோலா 121: ஓட்டோ கியர் ஒயிலையும் வடிகட்டியையும் வீட்டில் மாற்றுதல்

யப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பின் இலங்கைக்கு வந்து, இங்கும் இரண்டு மூன்று கை மாறிய ரொயோட்டா கொரோலா 121 ஒன்றை வாங்குபவருக்கு, அதன் ஓட்டோ கியர்பெட்டியின் ஒயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று சொல்லும் பற்றுச்சீட்டு கிடைப்பது அரிது. எஞ்சின் ஒயிலைத் தவறாமல் மாற்றுபவர்கள்கூட இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் கிளச்சுகளை அழுத்திப் பிடிப்பதும், பற்சக்கரங்களுக்கு உராய்வு நீக்குவதும், எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் ரோர்க் கொன்வேட்டரில் எழும் வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றுவதும் இந்த ஒரே ஒயில்தான். வரலாறு தெரியாத காரில் நான் முதலில் செய்யும் வேலை இதுவே. அதன் பின் 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

இந்தக் காரின் நான்கு வேக ஓட்டோ கியர்பெட்டிக்கு உரியது ரி-4 வகை ஒயில். பிற்கால ரொயோட்டாக்களுக்கான டபிள்யூ.எஸ். வகை இதைவிட மெல்லியது. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னாலும் அதை வாங்க வேண்டாம். சி.வி.ரி. (படிநிலைக் கியர்கள் இல்லாத ஓட்டோ) பெட்டியுள்ள கார்களுக்கு ஒயிலும் வேறு, அளவு பார்க்கும் முறையும் வேறு என்பதால், இங்கே சொல்லப்படுவது அவற்றுக்குப் பொருந்தாது. ஒயிலுடன் புதிய வடிகட்டி, பான் எனப்படும் அடித்தட்டின் விளிம்பில் கசிவைத் தடுக்கும் காஸ்கெட், வடிகால் போல்ட்டுக்கான வாசர் ஆகியவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பானைக் கழற்றிய பிறகு காஸ்கெட் தேடி அலைவது வீண் வேலை.

காரைப் பத்து நிமிடம் ஓட்டி, ஒயில் இளஞ்சூடாக இருக்கும்படி சற்று ஆறவிடுங்கள். கொதிக்கும் ஒயில் கையைப் பொசுக்கிவிடும். பின்னர் சமதளமான சீமெந்துத் தரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, காரைத் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜக் என்பது தூக்குவதற்கு மட்டுமே. வெறும் ஜக்கை நம்பி ஒருவரும் காருக்கு அடியில் போகக் கூடாது, ஒரு நிமிடத்துக்கும் கூடாது.

காருக்கு அடியில் இரண்டு வடிகால் போல்ட்டுகள் உண்டு. எஞ்சின் ஒயிலுக்குரியது 14 மில்லிமீற்றர் ஸ்பனர் பிடிக்கும் சாதாரணத் தலை கொண்டது. கியர்பெட்டிக்குரியது காரின் இடப்பக்கத்தில், அகலமான தட்டைப் பானில் இருக்கும். அதன் தலை உட்குழிந்திருப்பதால் 10 மில்லிமீற்றர் அலன் சாவி வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் எஞ்சின் ஒயிலை வடித்துவிட்டுக் கியர்பெட்டிக்குள் மேலும் மூன்று லீற்றர் ஊற்றியவர்கள் உண்டு. சரியான போல்ட்டைக் கழற்றி, வடியும் ஒயில் முழுவதையும் ஒரு பாத்திரத்தில் பிடித்து, கோடு போட்ட போத்தல்களில் அளந்து வையுங்கள். ஏறத்தாழ மூன்று லீற்றர் வரும். இந்த வேலை முழுவதிலும் உங்களுக்குத் துணை நிற்கும் எண் அதுதான்.

அடுத்து, பானைச் சுற்றியுள்ள சிறிய போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒரு மூலையை மட்டும் மெல்லச் சாய்த்து இறக்குங்கள். வடிந்த பிறகும் உள்ளே கொஞ்சம் ஒயில் தங்கியிருக்கும், அதையும் அளவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பானின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் காந்தங்களை விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். கரும்சாம்பல் நிறத்தில், விரலிடுக்கில் தேய்த்தால் பற்பசைபோல வழுக்கும் மை படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். மாறாக, கண்ணுக்குத் தெரியும் உலோகச் சிராய்கள் மினுங்கினாலோ, ஒயில் கறுத்துத் தீய்ந்த மணம் வீசினாலோ, பெட்டிக்குள் பெரிய பழுது இருக்கிறது என்று பொருள். தேய்ந்த கிளச்சைப் புது ஒயில் குணப்படுத்தாது.

வடிகட்டி பானுக்கு மேலே, ஒயிலைக் கிளச்சுகளுக்குத் திருப்பிவிடும் வால்வுத் தொகுதியோடு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றும்போதும் ஒயில் ஒழுகும் என்பதால் பாத்திரத்தை எடுத்துவிடாதீர்கள். பழைய வடிகட்டியின் வாயில் இருந்த இரப்பர் அடைப்பு அதனுடன் கழன்று வந்ததா என்று பார்க்காமல் புதியதைப் பூட்டக் கூடாது. ஒருமுறை அந்தக் கறுத்த வளையம் மேலே துளையின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு, உலோகத்தின் நிறத்தோடு நிறமாகக் கிடந்ததை விளக்கைப் பக்கவாட்டில் பிடித்த பிறகுதான் கண்டேன். அதன் மேல் புதியதைப் பூட்டியிருந்தால் வடிகட்டி சரியாக அமராமல், பம்ப் ஒயிலோடு காற்றையும் உறிஞ்சியிருக்கும். வால்வுத் தொகுதியின் மற்ற எந்தப் போல்ட்டையும் தொட வேண்டாம்.

பானையும் காந்தங்களையும் பிரேக் கிளீனரால் கழுவி, நூல் உதிராத துணியால் துடைத்து, காந்தங்களைப் பழைய இடங்களிலேயே வையுங்கள். காஸ்கெட் அமரும் அலுமினியப் பரப்பை இரும்புத் தகட்டால் சுரண்டினால் கீறல் விழுந்து கசியும். காஸ்கெட்டுக்கு மேல் சிலிக்கன் பசை பூசும் பழக்கம் நல்லதல்ல. பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு வடிகட்டியை அடைத்துவிடும். போல்ட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு ஒன்றுக்கு எதிர் மற்றொன்றாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பனரால் இறுக்குங்கள். அந்த அளவு மிகச் சிறியது. பலத்தைக் காட்டினால் பானின் விளிம்பு நெளியும்.

வடிகால் போல்ட்டைப் புதிய வாசருடன் பூட்டிய பின், வடிந்ததை அளந்த அதே அளவு புது ஒயிலை, நீளமான புனல் கொண்டு, ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஊற்றுங்கள். காரை இறக்கி, எஞ்சினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி, கியர்த் தண்டை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி மீண்டும் ‘பி’க்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்தால் ஒயில் ‘கூல்’ குறிகளுக்கு இடையே நிற்க வேண்டும். பதினைந்து கிலோமீற்றர் அளவு ஓடி, ஒயிலின் வெப்பம் 70 முதல் 80 பாகை வரை ஏறிய பின் ‘ஹொட்’ குறிகளுக்கு இடையே பார்ப்பதே முடிவான அளவு. குறைந்தால் கியர் வழுக்கும். கூடினால் சுழலும் பாகங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் தாங்காது. ஆகவே கடைசி அரை லீற்றரைச் சிறிது சிறிதாகவே ஊற்றுங்கள்.

பெட்டி முழுவதும் ஏறத்தாழ ஏழு லீற்றர் கொள்ளும். எஞ்சியது ரோர்க் கொன்வேட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. ஆகவே ஒருமுறை வடித்தால் பாதிகூடப் புதிதாவதில்லை. சில நூறு கிலோமீற்றர் இடைவெளியில், பானைக் கழற்றாமல் வடிகால் போல்ட்டை மட்டும் திறந்து இன்னும் இருமுறை மாற்றினால் ஐந்தில் நான்கு பங்கு புதிதாகிவிடும். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவதைவிட, வயதான பெட்டிக்கு இந்தப் பொறுமையான முறையையே நான் விரும்புகிறேன்.

அன்றிரவு பானுக்கு நேர் கீழே ஒரு காட்போட் அட்டையை விரித்து வைத்து, காலையில் சிவப்புத் துளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஒயிலை வடிகாலிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல், போத்தல்களில் இறுக மூடி, கழிவு ஒயில் சேகரிக்கும் கராஜில் ஒப்படையுங்கள்.