எஸ்.ஓ.பி. எழுத ஏஐ: எதுவரை கேட்கலாம்?

வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கும் மதுரைப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எஸ்.ஓ.பி. என்பது, ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லி விண்ணப்பத்தோடு நீங்கள் அனுப்பும் கட்டுரை. "எனக்கு ஒரு எஸ்.ஓ.பி. எழுதிக் கொடு" என்று சாட்ஜிபிடியிடம் கேட்க வேண்டாம். வேறு வழி இருக்கிறது.

1. விதியைப் படியுங்கள். ஏஐ எழுதியதைத் தன் எழுத்தாகக் காட்டுவதை அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான காமன் ஆப் மோசடி என்றே சொல்கிறது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால், ஏஐயை வைத்து இலக்கணப் பிழை பார்க்கலாம். யோசனையைத் தூண்டும் கேள்விகள் வாங்கலாம். வரைவு எழுத வைக்கக் கூடாது. வேறு மொழியில் எழுதியதை மொழிபெயர்க்க வைப்பதும் கூடாது. தமிழில் எழுதி ஏஐயை வைத்து ஆங்கிலமாக்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

2. ஏஐயைக் கேள்வி கேட்க வையுங்கள். முக்கியமான படி இதுதான். இப்படித் தட்டச்சு செய்யுங்கள்: "ஜவுளி வேதியியல் படிக்க விண்ணப்பிக்கிறேன். கட்டுரையை நீ எழுதாதே. என் அனுபவம் பற்றி ஒவ்வொரு கேள்வியாகக் கேள்."

வீட்டில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். ஏஐயையே எழுதச் சொன்னால், "சிறுவயது முதலே வண்ணங்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று ஆரம்பிக்கும். யார் பெயரை வேண்டுமானாலும் அதன்கீழ் போடலாம். அதுவே "சாயம் போடும்போது என்ன பார்த்தாய்?" என்று கேட்டால் அவள் சொல்வாள்: "நூலை இறுக்கிக் கட்டின இடத்துல சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்தா வெள்ளைப் புள்ளி. கட்டு தளர்ந்திருந்தா ஓரத்துல சாயம் கசிஞ்சிருக்கும்." தேர்வுக் குழு படிக்க வேண்டியது இதைத்தான். பதில்களைக் கையால் குறித்துக்கொள்ளுங்கள்.

3. போனை அணைத்துவிட்டு வரைவு எழுதுங்கள். வீட்டில் சத்தம் என்றால் புது நத்தம் ரோட்டுக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில், 2026 சேர்க்கையிலிருந்து கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள்தான்.

4. அப்புறம் பிழை பாருங்கள். "தவறுகளை மட்டும் காட்டு, காரணம் சொல், திருத்தி எழுதாதே" என்று கேளுங்கள். பாஸ்போர்ட் எண், ஆதார் எண் எதையும் அதில் போடாதீர்கள். பேராசிரியர் பெயர், பாடத்தின் பெயரை ஏஐ சொன்னால் பல்கலைக்கழகத் தளத்தில் சரிபாருங்கள். இல்லாததையும் அது இருப்பதுபோலச் சொல்லும். ஏஐ பயன்படுத்தினீர்களா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

5. பரிந்துரைக் கடிதம். "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்" என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். உடனே ஏஐயிடம் ஓடாதீர்கள். அவர் வகுப்பில் நீங்கள் செய்த ப்ராஜெக்ட், கேட்ட சந்தேகம், வாங்கிய மதிப்பெண் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, "சார், இதை வெச்சு நீங்களே நாலு வரி எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.