உயில் எழுதிய அன்று அவர் மனம் எப்படி இருந்தது? இறந்தவரின் மனநிலையை நிரூபிப்பதில் நடக்கும் தவறுகள்

பெரியவர் போன பிறகு பீரோவிலிருந்து ஓர் உயில் வெளியே வரும். "அப்பா கடைசி வரைக்கும் தெளிவாத்தான் இருந்தார்" என்பார் மகன். "என்னையே அவருக்கு அடையாளம் தெரியல" என்பார் மகள். இருவருமே உண்மை பேசுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் வழக்குக்கு இது அதிகம் உதவாது. அப்பா பொதுவாக எப்படி இருந்தார் என்பது நீதிமன்றத்தின் கேள்வி இல்லை. கையெழுத்துப் போட்ட அந்த நேரத்தில், அந்தக் காகிதத்தில் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் கேள்வி. குடும்பங்களும் சில சமயம் வழக்கறிஞர்களும் முதலில் கோட்டை விடுவது இங்கேதான்.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆவது பிரிவைப் படித்தால் இது புரியும். வழக்கமாகச் சித்த சுவாதீனம் (மனத்தெளிவு) இல்லாத ஒருவரும், தெளிவு வரும் இடைவெளியில் உயில் எழுதலாம் என்கிறது அது. நோயாலோ போதையாலோ தான் செய்வது தெரியாத நிலையில் இருப்பவர் எழுத முடியாது. அந்தப் பிரிவுக்குக் கீழே தந்திருக்கும் உதாரணங்கள் இன்னும் அருமையானவை. சுற்றி நடப்பதை உணர்ந்து, பழக்கமான கேள்விகளுக்குப் பதிலும் சொல்கிறவர், ஆனால் தன் சொத்து என்ன, உறவினர் யார் யார் என்று சரியாகப் பிடிபடவில்லை என்றால் அவர் உயில் செல்லாது. உடல் மிகவும் தளர்ந்துபோனவர், ஆனால் யாருக்கு எதைக் கொடுப்பது என்று யோசித்து முடிவெடுக்க முடிகிறது என்றால் அவர் உயில் செல்லும்.

இதற்கு அடிப்படையாக இன்றும் எல்லோரும் திரும்பிப் போவது 1870இல் இங்கிலாந்தில் வந்த பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ தீர்ப்புக்கு. உயில் எழுதியவர் மனநலக் காப்பகத்தில் இருந்து வந்தவர். என்றோ இறந்துபோன ஒரு மனிதர் தன்னைத் துரத்துகிறார் என்று நம்பியவர். ஆனாலும் உயில் செல்லும் என்றது நீதிமன்றம். அந்தப் பிரமை சொத்தை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவைத் தொடவில்லை என்பதே காரணம். ஆகவே "ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) இருந்தது, டிமென்ஷியா (மறதிநோய்) என்று டாக்டர் எழுதியிருக்கிறார், கதை முடிந்தது" என்று வாதாடுவது பாதி வேலைதான். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறிந்ததை மட்டும் வைத்து அவரைச் சித்த சுவாதீனம் அற்றவர் என்று கருதக் கூடாது என்கிறது. நோயின் பெயர் முக்கியம்தான். ஆனால் அன்றைக்கு அது எந்த அளவில் இருந்தது, அந்த முடிவை எப்படிப் பாதித்தது என்பதைச் சொல்லாவிட்டால் வாதம் நிற்காது.

உயில் செல்லும் என்று வாதாடும் பக்கத்தின் தவறு இதைவிட அதிகம். கேஸ் ஷீட்டில் நர்ஸ் "நினைவோடு இருக்கிறார், இடம் நேரம் தெரிகிறது" என்று எழுதியிருப்பார். அதைப் பெரிய ஆதாரமாகக் கொண்டுவந்து வைப்பார்கள். முழு விழிப்போடு கண் திறந்து பேசுகிறார் என்பது, மூன்று ஊரில் இருக்கும் நிலங்களையும் நான்கு பிள்ளைகளையும் மனதில் நிறுத்தி ஒரு முடிவு எடுக்க முடிந்தது என்பதாகாது. அதிலும் வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் மருந்துகள் எல்லாம் திடீர்க் குழப்பத்தை உண்டாக்கும். அந்தக் குழப்பம் காலையில் குறைந்து மாலையில் ஏறும். அதனால் தேதி மட்டும் போதாது, மணி வேண்டும். கடைசி ஊசி எத்தனை மணிக்கு, கையெழுத்து எத்தனை மணிக்கு என்று மருந்துச் சீட்டோடு ஒப்பிடாமல் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. பக்கவாதத்தில் பேச்சு போனவர் விஷயம் வேறு: பேச்சு போனதால் புரிதலும் போயிருக்க வேண்டும் என்பதில்லை. காது கேட்காதவரை மறதிக்காரர் என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. நடுங்கிய கையெழுத்து கையைப் பற்றித்தான் சொல்லும், மனதைப் பற்றி அல்ல.

அப்புறம் சான்றுகள். "பூரண நினைவோடும் திடசித்தத்தோடும் பிறர் தூண்டுதலின்றி" என்ற வரி எல்லா உயிலிலும் இருக்கிறது, எழுத்தர் போடும் வரி அது. அதற்கு எந்த மதிப்பும் இல்லை. பதிவு செய்த உயில் என்றால் அசைக்க முடியாது என்ற நம்பிக்கையும் தவறு. பதிவு ஒரு பலம், அவ்வளவுதான். உயிலை நிரூபிக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடு இருக்கும் ஒருவரையாவது விசாரித்தாக வேண்டும். "உடலாலும் மனதாலும் நலமாக உள்ளார்" என்ற இரண்டு வரி டாக்டர் சான்றிதழ் குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் தாங்காது. என்ன கேட்டீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்ற கேள்விக்கு டாக்டரிடம் குறிப்பு இருக்காது.

சாட்சிகளிடம் கேட்கும் முறையில்தான் வழக்கே கெடுகிறது என்பது என் எண்ணம். "அவர் தெளிவாக இருந்தாரா?" என்று கேட்டால் வருவது கேட்பவர் விரும்பும் பதில். அந்த வாரம் என்ன பேசினார், வாடகையை எண்ணி வாங்கினாரா, இறந்துபோன தம்பியை வரச் சொன்னாரா என்று சம்பவங்களைக் கேட்க வேண்டும். பால்காரர், வாடகைக்கு இருப்பவர், கூட இருந்து பார்த்துக்கொண்ட பணிப்பெண், இவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை. இவர்களைத்தான் யாரும் கூப்பிடுவதில்லை.

ஒருதலையான தகவலை வைத்து இறந்தவரின் மனதைப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் போர்க்கப்பல் அயோவா ஒரு பாடம். 1989 ஏப்ரல் 19 அன்று அதன் பீரங்கிக் கோபுரம் ஒன்று வெடித்து 47 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒரு மாலுமியே வேண்டுமென்று செய்தார் என்றது கடற்படை. அதற்கு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. நிபுணர்களின் மனநிலை ஆய்வும் துணை நின்றது. அந்த ஆய்வு கடற்படை விசாரணையாளர்கள் திரட்டிக் கொடுத்ததை வைத்தே செய்யப்பட்டது. பிறகு பரிசீலித்த உளவியல் நிபுணர்களில் பெரும்பாலோர் அதைக் கடுமையாகக் குறை கூறினார்கள். 1991இல் கடற்படை அந்த மாலுமியின் குடும்பத்திடம் வருத்தம் தெரிவித்தது. ஒரு தரப்பு கட்டிக் கொடுத்த கோப்பை மட்டும் படித்துவிட்டு அறிக்கை எழுதும் மனநல மருத்துவர் இங்கேயும் இதே பள்ளத்தில்தான் விழுவார். "இந்தப் பதிவுகளை வைத்துச் சொல்ல முடியாது" என்பதும் ஒரு நிபுணர் கருத்துதான்.

மூத்த மகனுக்கு ஒன்றும் இல்லை, ஆகவே அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற வாதம் எல்லா ஊரிலும் உண்டு. சட்டப்படி போக வேண்டிய வழியை மாற்றத்தானே உயிலே எழுதுகிறார்கள்! உயிலின் உள்ளே பார்க்க வேண்டியது வேறு: என்றோ விற்ற நிலத்தின் சர்வே எண் இருக்கிறதா, உயிரோடு இருக்கும் மகளைப் பற்றி ஒரு வார்த்தையாவது உண்டா, முந்தைய உயிலிலிருந்து ஏன் மாறினார் என்பதற்குக் காரணம் தெரிகிறதா.

மனத்தெளிவையும் வற்புறுத்தலையும் ஒன்றாகக் குழப்புவதும் நிறைய நடக்கிறது. தெளிவாக இருந்தவரையும் மிரட்டி எழுதி வாங்கலாம். அது 61ஆவது பிரிவின் விஷயம், ஆதாரங்களும் வேறு. உயில் எழுதும் வேலையில் முன்னின்றவரே பெரும்பங்கு பெற்றால் அது சந்தேகத்துக்குரிய சூழல், அதைத் தெளிவான சாட்சியத்தால் அவர் நீக்க வேண்டும் என்று எச். வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணக்குப் போட்டதுபோல் துல்லியமான நிரூபணத்தை எதிர்பார்க்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

இவ்வளவுக்கும் கையில் காகிதம் வேண்டும். காரியம் முடியட்டும், பேசித் தீர்ப்போம் என்று இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள்படி, உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். உரியவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மறுத்தால் நீதிமன்றம் வழியாக வரவழைக்கலாம், ஆனால் அதற்குள் மருத்துவமனை அவற்றை அழிக்காமல் இருந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கி வராதீர்கள். நர்ஸ் குறிப்பும் மருந்து கொடுத்த நேரப் பட்டியலும் சேர்ந்த முழுக் கேஸ் ஷீட்டைக் கேளுங்கள். மருத்துவமனையில் அது இல்லாமல் போயிருந்தால், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போட்டிருந்த பட்சத்தில் அந்தக் கோப்பில் ஒரு நகல் கிடைக்க வாய்ப்புண்டு.