பெர்லினுக்குப் போகும் வழியில் ஒரு குட்டி பெர்லின்

மியூனிக்கிலிருந்து பெர்லினுக்குக் காரில் ஏ9 நெடுஞ்சாலையில் போகிறவர்கள், ஹோஃப் நகரத்துப் பக்கம் திரும்பி மோட்லராய்ட் கிராமத்தை அவசியம் பாருங்கள். ஐம்பது பேர் அளவில்தான் மக்கள்தொகை. பெர்லினைப் போலவே இந்த ஊரையும் ஒரு சுவர் இரண்டாகப் பிரித்திருந்ததால், அமெரிக்கப் படையினர் இதற்கு வைத்த பெயர் 'லிட்டில் பெர்லின்'.

போனதும் முதலில் ஊர் நடுவே ஓடும் டான்பாக் ஓடையைத் தேடுங்கள். ஒரே எட்டில் தாண்டிவிடலாம். 1810இலேயே இதுதான் பவேரியாவுக்கும் ரோய்ஸ் சமஸ்தானத்துக்கும் எல்லை. அந்த வருடம் பொறித்த எல்லைக் கற்கள் இன்னும் நிற்கின்றன. அப்போதெல்லாம் அது வெறும் கோடுதான். 1949க்குப் பிறகு இந்தக் கரை மேற்கு ஜெர்மனி, அந்தக் கரை கிழக்கு ஜெர்மனி. 1952இல் மரவேலி வந்தது, 1966இல் 700 மீட்டர் நீளக் கான்கிரீட் சுவர். எதிர்க்கரையில் நிற்கும் சொந்தக்காரருக்குக் கை காட்டக்கூடக் கிழக்குப் பக்கத்தவர்களுக்கு அனுமதி இல்லை. அந்த ஓடையின் அகலத்தை நேரில் பார்த்தால்தான் இந்தக் கொடுமை புரியும்.

1989 டிசம்பரில் நடந்து கடக்க வழி திறந்தார்கள். 1990இல் சுவரின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். மிச்சம் வைத்த சுவர், காவல் கோபுரம், கம்பிவேலி எல்லாம் இப்போது திறந்தவெளி அருங்காட்சியகம். அவசரமாகப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள், சுவரை ஒட்டி மெதுவாக நடந்து பாருங்கள்.

அப்புறம் ஒன்று: ஊர் இன்றைக்கும் இரண்டு மாநிலங்களில்தான் இருக்கிறது. ஒரு பாதி பவேரியா, மறு பாதி துரிங்கியா. அஞ்சல் குறியீடுகூட வேறு வேறு. பேருந்து வசதியை நம்ப வேண்டாம், கார்தான் சௌகரியம்.